தரையா, கடலா, மீட்பா? இந்திய–இலங்கைக் கூட்டுப் பயிற்சிகளில் எதற்கு முன்னிடம் கொடுப்பது

டித்வா சூறாவளி ஓய்ந்து சில வாரங்களின் பின்னர், வடமராட்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் கூடியிருந்தோம். இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் கிளிநொச்சியில் பொருத்திய இரும்புப் பாலத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, சிறிது நேரத்தில் இரு நாட்டுப் படைகளின் கூட்டுப் பயிற்சிகளைப் பற்றிய வாக்குவாதமாக மாறியது. அப்போது இளைஞர் ஒருவர் எழுந்து, "பயிற்சி நல்லதா கெட்டதா என்று விவாதித்துப் பயனில்லை, ஐயா, அது எங்களைக் கேட்டு நடப்பதில்லை. நடக்கிற பயிற்சிகளில் எது கூடினால் நல்லது, எது குறைந்தால் நல்லது, அதைச் சொல்லுங்கள்" என்றார். அன்று என்னிடம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்கள் இருவரும் பல்கலைக்கழக மாணவர் சிலரும் பின்னர் இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டதனால், தெரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்க முற்படுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. நாம் வாய்ப்பேச்சில் "இராணுவக் கூட்டணி" என்கிறோம்; ஆனால் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் போருக்கு வர வேண்டும் எனக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் இல்லை. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் தீர்மானத்தை 1971 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று நிறைவேற்றுவித்ததும், அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டை 1976 இல் கொழும்பில் நடத்தியதும் இலங்கைதான். அந்த நிலைப்பாட்டை அது இன்னும் கைவிட்டதாகச் சொல்லவில்லை. 2025 ஏப்பிரல் 5 ஆம் திகதி, இந்தியப் பிரதமரின் கொழும்புப் பயணத்தின்போது, பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் உள்ளடக்கத்தை வெளியிடுமாறு எதிர்க்கட்சிகள் கேட்டதையும், அது கூட்டணி ஒப்பந்தம் அன்று என அரசாங்கத் தரப்பு விளக்கியதையும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஆகவே இங்கு ஒப்பிடப்படுவது, கூட்டணி இல்லாத இரு நட்பு நாடுகள் தமது படைகளுக்கிடையிலான உறவை வலுப்படுத்தக் கையாளக்கூடிய வழிகளை மட்டுமே.

## எவற்றைக் கொண்டு அளப்பது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். அவற்றில் மூன்று எந்த நாட்டுக்கும் பொருந்தும். மற்றைய இரண்டும் நாங்கள் வாழும் இடத்திலிருந்து பிறந்தவை.

முதலாவது, பயிற்சியில் பழகியது மெய்யான ஒரு நாளில் கைகொடுக்குமா என்பது. கொடியேற்றி, கைகுலுக்கி, குழுப்படம் எடுத்துப் பிரியும் பயிற்சிக்கு அரசியற் பெறுமதி இருக்கலாம். ஆனால் அப்பெறுமதி விரைவில் கரைந்துவிடும்.

இரண்டாவது, தொடர்ச்சி. இவ்வருடம் சேர்ந்து பழகியவர்களே அடுத்த வருடமும் சந்திக்கிறார்களா, அல்லது ஒவ்வொரு முறையும் புதுமுகங்கள் வந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்களா என்பது இதில் அடங்கும்.

மூன்றாவது, மூன்றாம் நாடு அதை எப்படி வாசிக்கும் என்பது. 1983 நவம்பரில் நேட்டோ நடத்திய ஏபிள் ஆர்ச்சர் பயிற்சி பெரும்பாலும் தலைமையகங்களுக்குள் நடந்த ஒத்திகை. அதையே மெய்யான தாக்குதலுக்கான மறைப்போ எனச் சோவியத் ஒன்றியம் ஐயுற்றது. இதற்கு மறுதலையாக, 2018 யூனில் சிங்கப்பூரில் வடகொரியத் தலைவரைச் சந்தித்த பின்னர், தென்கொரியாவுடன் நடத்தவிருந்த பெரும் பயிற்சியை அமெரிக்கா நிறுத்திவைத்தது. நடத்துவதும் ஒரு செய்தி, நடத்தாமல் விடுவதும் ஒரு செய்தி.

நான்காவது, கணக்கில் வராத செலவு. எரிபொருளும் தங்குமிடமும் வரவுசெலவுத் திட்டத்தில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். மூடப்படும் கடற்பரப்பும், பயிற்சிக்கென ஒதுக்கப்படும் காணியும், அந்த நாட்களில் தொழிலுக்குப் போகாதவனின் கூலியும் எந்த வரியிலும் இரா.

ஐந்தாவது, நினைவு. வடக்கில் சீருடையைக் காணும் கண்ணுக்கும் கொழும்பிலோ புதுடில்லியிலோ அதைக் காணும் கண்ணுக்கும் வேறுபாடு உண்டு. இதை உணர்ச்சி என்று ஒதுக்குவோர் உளர்; மக்கள் ஒத்துழைப்பில்லாமல் மீட்புப் பணி எதுவும் நடவாது என்பதனால் நான் இதையும் ஒரு நடைமுறை அளவுகோலாகவே கொள்கிறேன்.

## முதலாவது தெரிவு: தரைப்படைப் பயிற்சி

மித்ர சக்தி என்ற பெயரில் இரு நாட்டுத் தரைப்படைகளும் பத்தாண்டுகளுக்கு மேலாக, ஒரு முறை இங்கும் மறுமுறை அங்குமாகப் பயிற்சி செய்து வருகின்றன. பத்தாவது பயிற்சி 2024 ஓகஸ்ட் 12 முதல் 25 வரை மாதுறு ஓயாவில் நடந்தது. பதினோராவது 2025 நவம்பர் 10 முதல் 23 வரை கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்தது. பெலகாவியில் இந்தியத் தரப்பில் 170 பேரும் இலங்கைத் தரப்பில் 135 பேரும் கலந்துகொண்டனர். இரண்டு வாரம், முன்னூறு பேர் என்றால், கப்பல்களை நகர்த்துவதோடு ஒப்பிடுகையில் இது சிக்கனமான பயிற்சிதான்.

இதன் உத்தியோகபூர்வ நோக்கம், அமைதியை நிலைநாட்டப் படைபலத்தைக் கையாளவும் இடமளிக்கும் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழான பணிகளுக்குப் படையினரைத் தயார்செய்வது. இரு நாடுகளும் அமைதி காக்கும் பணிகளுக்குப் படையினரை அனுப்புவதனால், வெளிநாட்டு மண்ணில் ஒரே கட்டளைத் தலைமையின் கீழ் பணியாற்ற நேரும்போது இப்பழக்கம் உதவக்கூடும். இளநிலை அதிகாரிகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் வீணான காரியமன்று. இருபது ஆண்டுகளில் அவர்களுள் சிலர் படைத்தலைமைக்கு வருவார்கள்.

ஆனால் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று தொடர்ச்சியைப் பற்றியது. மாதுறு ஓயாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ராஜ்புத்தானா ரைபிள்ஸ் படைப்பிரிவினர். பெலகாவியில் பங்கேற்றவர்கள் ராஜ்புத் படைப்பிரிவினர். இலங்கைத் தரப்பில் இருமுறையும் கஜபா படைப்பிரிவே முதன்மையாக நின்றபோதும், எதிரில் நின்ற முகங்கள் மாறிவிட்டன. மற்றையது, அமைதி காக்கும் பணி என்ற நோக்கத்தோடேயே ஒட்டிய சிக்கல். 2019 இல், போர்க்கால மீறல்கள் தொடர்பான குற்றச்சாட்டுகளுக்கு உள்ளானவர் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்ட பின்னர், இன்றியமையாத இடங்கள் தவிர்ந்த ஏனைய பணிகளுக்கு இலங்கை இராணுவத்தினரை எடுப்பதை ஐக்கிய நாடுகள் சபை இடைநிறுத்தியது. பொறுப்புக்கூறலால் மட்டுமே திறக்கக்கூடிய அக்கதவை, எத்தனை கூட்டுப் பயிற்சி நடத்தினாலும் தட்டித் திறக்க இயலாது.

இனி, நினைவு என்ற அளவுகோல். மாதுறு ஓயாப் பயிற்சியின் நிரலில் உலங்குவானூர்தித் தரையிறக்கம், ஆளில்லா வானூர்திகள் ஆகியவற்றோடு "சுற்றிவளைத்துத் தேடுதல்" என்றொரு பயிற்சியும் இருந்தது. பாதுகாப்புக் கற்கைநெறி மாணவருக்கு அது ஒரு தந்திரோபாயத்தின் பெயர். யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் "சுற்றிவளைப்பு" என்று சொல்லிப் பாருங்கள்: விடியற்காலையில் ஒழுங்கை முகப்பில் நின்ற சப்பாத்துக் கால்கள், கோயில் வீதியில் வெயிலில் இருத்தப்பட்ட ஆண்கள், வாகனத்துக்குள் முகம் மூடி இருந்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி என்று அவர் சொல்லத் தொடங்குவார். 1987 யூலை உடன்படிக்கைக்குப் பின் வந்திறங்கி 1990 மார்ச்சில் திரும்பிச் சென்ற இந்திய அமைதி காக்கும் படையினரின் காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும் இலங்கைப் படையினரின் காலத்திலும் இச்சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான் இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அம்மூன்று ஆண்டுகளில் உயிரிழந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே இரு படைகளும் அதே வினையைக் கூட்டாகப் பழகுகின்றன என்ற செய்தியைப் பத்திரிகையில் வாசிக்கும் ஒருவர் முகம் சுளித்தால், அவருக்கு அரசியல் விளங்கவில்லை என்று சொல்ல முடியாது.

தரைப்படைப் பயிற்சி பொருத்தமாகும் இடமும் உண்டு. காலாட்படைக்குப் பதிலாக, அல்லது அதற்குச் சமமாக, பொறியியற் பிரிவுகளையும் மருத்துவப் பிரிவுகளையும் சேர்த்தால் கணக்கே மாறிவிடும். பாலம் பொருத்துதல், இடிபாட்டிலிருந்து மீட்டல், கள மருத்துவமனை அமைத்தல் ஆகியவற்றில் இரு படைகளும் ஒரே உபகரணத்தை ஒரே முறையில் கையாளப் பழகியிருந்தால், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் 2025 டிசெம்பரில் நடந்த பாலம் பொருத்தும் வேலை இன்னும் சில நாட்கள் முந்தி முடிந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. இராணுவத்தின் ஆளணியை 2030 அளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 இல் அறிவித்த நாட்டுக்கு, எஞ்சப்போகும் படை எதில் தேர்ந்திருக்க வேண்டும் என்பதும் இதே கேள்விதான்.

## இரண்டாவது தெரிவு: கடற்படைப் பயிற்சி

இரு நாட்டுக் கடற்படைகளின் கூட்டுப் பயிற்சியான ஸ்லினெக்ஸ் 2005 இல் தொடங்கியது. துறைமுகக் கட்டம், கடற்கட்டம் என இரு பகுதிகளாக நடக்கும் இப்பயிற்சியில், முதற்பகுதி திட்டமிடலிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கழியும். இரண்டாம் பகுதியில் பீரங்கிச் சூடு, தொடர்பாடல், நகரும் கப்பலிலிருந்து கப்பலுக்கு எரிபொருள் மாற்றல், சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதித்தல் முதலியவை பழகப்படும். 2020 ஒக்டோபரில், பெருந்தொற்றின் நடுவிலும், கரையில் சந்திக்காமல் கடலில் மட்டும் எனத் திருகோணமலைக்கு அப்பால் இது நடந்தது. 2024 டிசெம்பரில் விசாகப்பட்டினத்திலும் 2025 ஓகஸ்டில் கொழும்பிலும் நடந்தது.

தொடர்ச்சி என்ற அளவுகோலில் இது தரைப்படைப் பயிற்சியை விஞ்சுகிறது. அதற்குக் காரணம் மனிதர்களைவிடக் கப்பல்களே. இலங்கைக் கடற்படையின் சயுர கப்பல் இந்தியக் கடற்படையின் சரயுவாக இருந்து 2000 ஆம் ஆண்டில் கைமாறியது. சயுரால, சிந்துரால ஆகிய இரண்டும் கோவாக் கப்பற்றளத்தில் இலங்கைக்கென்றே கட்டப்பட்டு 2017, 2018 ஆம் ஆண்டுகளில் படையில் இணைந்தன. கருவி ஒன்றாக இருக்கும்போது அதைப் பழுதுபார்ப்பவனும் இயக்குபவனும் ஒரே மொழியில் பேசத் தொடங்குகிறார்கள். அந்த உறவு கைகுலுக்கலைவிட நீடிக்கும்.

மூன்றாம் நாட்டின் வாசிப்பு என்று வரும்போது நிலைமை இடறுகிறது. 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழுந்த புயலும், அதன் பின்னர் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு 2024 முழுவதும் இலங்கை விதித்த தடையும், இக்கடலில் ஒரு கப்பலின் வருகை எவ்வளவு தூரம் அளந்து பார்க்கப்படுகிறது என்பதைக் காட்டின. 1987 உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே, திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்ற வாசகம் உண்டு. ஆகவே ஸ்லினெக்ஸின் ஒவ்வொரு வேட்டும் பெய்ஜிங்கிலும் கேட்கும். இரண்டு பெரிய வீட்டாருக்கு நடுவில் வேலி வைத்திருப்பவன் எந்தப் பக்கத்துக் கதியாலை மாற்றினாலும் மற்றப் பக்கத்தில் ஒருவர் எட்டிப் பார்ப்பார்.

செலவைப் பற்றி ஒன்று. 2022 மார்ச் 7 முதல் 10 வரை விசாகப்பட்டினத்தில் நடந்த ஸ்லினெக்ஸில் சயுரால பங்கேற்றது. அதே மாதத்தில் இங்கே மண்ணெண்ணெய்க்குக் கலன்களை வரிசையில் வைத்துவிட்டுக் கடற்றொழிலாளர் காத்திருந்தனர். அக்கப்பல் எரித்த எண்ணெயால் அவர்களது தட்டுப்பாடு தீர்ந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு காட்சிகளையும் ஒன்றாகக் கண்டவன் மறப்பதில்லை.

எங்கள் கடலைப் பொறுத்தவரை பெரிய குறை வேறொன்று. ஸ்லினெக்ஸ் ஆழ்கடலுக்கான பயிற்சி. நாசகாரிகளும் எண்ணெய்த் தாங்கிக் கப்பல்களும் ஆழங்குறைந்த பாக்கு நீரிணைக்குள் வந்து பழகுவதில்லை; அங்கு அவற்றுக்கு இடமும் இல்லை. இரு நாட்டுக் கடற்பிரிவினரும் அன்றாடம் எதிரெதிரே நிற்பதோ அந்த நீரிணையில்தான். 1974 ஆம், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வரையப்பட்ட எல்லைக்கோட்டைத் தாண்டித் திங்கள், புதன், சனி எனக் கிழமைக்கு மூன்று நாட்கள் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வருவதும், எங்கள் வலைகள் அறுபடுவதும், கைதுகள் நடப்பதும், அவ்வப்போது உயிர்கள் போவதும் இங்கு வழமையாகிவிட்டன. 2024 யூனில் இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் படகு ஒன்றைக் கைப்பற்றும் முயற்சியில் இறந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி, கடற்படைக் கலத்தோடு மோதிய இந்தியப் படகொன்று மூழ்கி இராமேசுவரத்து மீனவர் ஒருவர் இறந்தார். விசாகப்பட்டினத்தில் சேர்ந்து சுட்டுப் பழகிய நட்பு, நெடுந்தீவுக்கு அப்பால் இரவு இரண்டு மணிக்கு எட்டிப் பார்ப்பதில்லை.

ஆள்கடத்தல், போதைப்பொருட் கடத்தல், திருகோணமலை முதல் அந்தமான் வரையான கப்பற் பாதை ஆகியவையே முதன்மைக் கவலை என்றால் ஸ்லினெக்ஸ் சரியான தெரிவு. அவற்றுக்கு ஆழ்கடற் கப்பலும் நீண்டகாலப் பழக்கமும் தேவை.

## மூன்றாவது தெரிவு: தேடல், மீட்பு, அனர்த்த உதவி

இந்தியாவும் மாலைதீவும் தமது கரையோரக் காவற்படைகளுக்கென 1991 இல் தொடங்கிய தோஸ்தி பயிற்சியில் இலங்கை 2012 இல் மூன்றாவதாக இணைந்தது. தேடல், மீட்பு, கடலில் தீயணைத்தல், எண்ணெய்க் கசிவைக் கட்டுப்படுத்தல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். இவ்வகைப் பயிற்சியை இன்னும் விரித்து, அனர்த்த உதவியையும் சேர்த்து, இரு நாடுகளின் முதன்மைப் பயிற்சியாக ஆக்குவதே மூன்றாவது தெரிவு.

முதலாவது அளவுகோலில் இதற்கு இணை இல்லை, ஏனெனில் இதன் பரீட்சைகள் மெய்யாகவே நடந்துவிட்டன. 2004 டிசெம்பர் 26 இல் சுனாமி மருதங்கேணியையும் மணற்காட்டையும் முல்லைத்தீவையும் வாரிச் சென்றபோது, தன் கரையே அடிபட்டிருந்த நிலையிலும் இந்தியா அடுத்தடுத்த நாட்களில் இலங்கைக்குக் கப்பல்களை அனுப்பியது. 2020 செப்டெம்பரில், ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு கிழக்குக் கடலில் தீப்பிடித்த நியூ டயமன்ட் கப்பலை இரு நாட்டினரும் சேர்ந்தே அணைத்தனர். அந்த எண்ணெய் வெளியேறியிருந்தால் கிழக்குக் கரையின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. அடுத்த மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் விடயத்தில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. உதவி வந்தும் கப்பல் அமிழ்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா தாக்கியபோது, இலங்கைக் கடற்படையின் 75 ஆம் ஆண்டு நிகழ்வுக்காகக் கொழும்பில் நின்ற இந்தியக் கடற்படையின் விக்ராந்த் கப்பலிலிருந்தே முதல் நிவாரணப் பொருட்கள் இறங்கின. அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அப்பேரிடரில், அக்கப்பல் அன்று அங்கு நின்றது தற்செயல். தற்செயலை நம்பியிராத ஏற்பாட்டுக்குத்தான் பயிற்சி என்று பெயர்.

புயலுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை இக்கரையும் அக்கரையும் நெடுங்காலமாக அறியும். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல்தான் வடக்கையும் தாக்கியது. 2008 இல் நிஷா இங்கே வெள்ளத்தைக் கொட்டிவிட்டுத் தமிழ்நாட்டில் கரையேறியது. டித்வாவும் எங்களைக் கடந்து அந்தப் பக்கம்தான் போனது. மூன்றாம் நாட்டின் வாசிப்பிலும் இத்தெரிவே இலகுவானது, மீட்புப் பயிற்சியைப் பார்த்துச் சினங்கொள்ளும் தலைநகர் அரிது.

ஆனாலும் இதன் மறைசெலவுகளை மூடிவைப்பது நேர்மையாகாது, மூன்றைச் சொல்கிறேன்.

அனர்த்த முகாமைத்துவம் இந்நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிவில் நிறுவனங்களின் பொறுப்பு. மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் செய்ய வேண்டியதை, பயிற்சி பெற்றவர்கள் என்ற காரணத்தால் படையினரே செய்யத் தொடங்கினால், உதவி என்ற பெயரில் இராணுவம் ஊர் நிருவாகத்துக்குள் இன்னோர் அடி எடுத்துவைக்கும். வடக்கில் இது கற்பனை அச்சமன்று. ஆகவே பயிற்சித் திட்டத்தில் அரசாங்க அதிபரின் அலுவலகம் பார்வையாளராக இராமல் தலைமையிடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது மொழி. இலங்கைக் கடற்படையின் நடைமுறை மொழி சிங்களம். இந்தியத் தரப்பில் ஹிந்தியும் ஆங்கிலமும். பாக்கு நீரிணையில் கவிழ்ந்த வள்ளத்திலிருந்து கையசைப்பவன், எந்தக் கரையைச் சேர்ந்தவனாயினும், கத்துவது தமிழில். ஒரு பயிற்சியில் மீட்பவர் அனைவரும் மீட்கப்படுபவரின் மொழி தெரியாதவர்களாக இருந்தால், அப்பயிற்சியின் பாதி வேலை இன்னும் தொடங்கவில்லை.

மூன்றாவது, கருவி எட்டாத தூரம். இந்தியாவின் 60 இலட்சம் டொலர் நன்கொடையில் அமைக்கப்பட்ட கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் 2024 யூனில் கொழும்பில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. அதன் ஆளில்லா நிலையங்களுள் ஒன்று பருத்தித்துறையில் உள்ளது. நல்லது. ஆனால் சர்வதேச அவசர அழைப்புக்கான 16 ஆம் அலைவரிசையில் பேச வானொலிக் கருவி வேண்டும். எங்கள் சிறு வள்ளங்களில் இருப்பது கைப்பேசி, அதுவும் கரையிலிருந்து சில மைல்களுக்குத்தான். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்க்காமல் நடத்தும் மீட்புப் பயிற்சியில், படையினர் படையினரைத்தான் மீட்டுப் பழகுவார்கள்.

## நான்காவது தெரிவு: பலநாட்டுப் பயிற்சி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1995 இல் இந்தியா நான்கு நாட்டுக் கடற்படைகளோடு தொடங்கிய மிலான் பயிற்சியில் இலங்கை முதலிலிருந்தே இருக்கிறது; பாகிஸ்தான் நடத்தும் அமான், அமெரிக்காவோடான கரட் ஆகியவற்றிலும் பங்கேற்கிறது. 2016 ஓகஸ்டில் அமெரிக்க வான்படை முன்னின்று நடத்திய பசிபிக் ஏஞ்சல் நிகழ்ச்சி யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. மருத்துவ முகாமுக்கு வரிசையில் நின்றவர்கள் அதை இராணுவப் பயிற்சி என்று அறிந்திருந்தார்களோ என்னவோ. இந்தியா, மாலைதீவு, இலங்கை ஆகியவற்றோடு மொரிசியஸும் பங்களாதேஷும் சேர்ந்த கொழும்புப் பாதுகாப்புக் குழுமத்துக்கான சாசனம் 2024 ஓகஸ்டில் கைச்சாத்தானது.

பலரோடு பழகுவது சிறிய நாட்டுக்குக் குடை. எந்த ஒருவருடைய ஆளாகவும் பார்க்கப்படாமல் இருக்க அது உதவும். அதே காரணத்தால் ஆழம் குறைவு: பத்துக் கப்பல்கள் அணிவகுத்து நிற்கும் இடத்தில் இரு அயலவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கலை எவரும் எடுப்பதில்லை. சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவோடான படையினர் அந்தஸ்து உடன்படிக்கை வரைபு 2019 இல் கிளப்பிய எதிர்ப்பு, வெளிநாட்டுச் சிப்பாய் இந்த மண்ணில் குற்றமிழைத்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்ற கேள்வியிலிருந்தே பிறந்தது. இருதரப்புப் பயிற்சியிலும் அதே கேள்வி இருக்கிறது. பலநாட்டுப் பயிற்சியில் அது நாட்டுக்கு நாடு பெருகுகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தரைப்படை | கடற்படை | மீட்பு, அனர்த்தம் | பலநாடு |
|---|---|---|---|---|
| மெய்யான நாளில் பயன் | பொறியியல், மருத்துவப் பிரிவுகள் சேர்ந்தால் மட்டும் அதிகம் | ஆழ்கடலில் அதிகம். நீரிணையில் சொற்பம் | மிக அதிகம். ஏற்கெனவே நிரூபணமானது | குறைவு |
| தொடர்ச்சி | படைப்பிரிவுகள் மாறுவதால் தளர்வு | ஒரேவகைக் கப்பல்களால் உறுதி | நிலையங்கள் நிலைத்திருப்பதால் கூடும் | நிகழ்வுக்கு நிகழ்வு மாறும் |
| மூன்றாம் நாட்டின் வாசிப்பு | பெரிதாக எடுபடாது | உன்னிப்பாக அளக்கப்படும் | இலகு | சமநிலை தரும் |
| மறைசெலவு | காணி | எரிபொருள், மூடப்படும் கடல் | சிவில் நிருவாகம் ஒதுங்கும் ஆபத்து | சட்டச் சிக்கல் |
| வடக்கின் நினைவு | கசப்பு | கைதுகளோடு கலந்தது | பெரும்பாலும் நன்றி | அறிமுகம் குறைவு |

## எந்த நிலையில் எதை

அமைதி காக்கும் பணிக்குக் கூட்டாகப் படை அனுப்பும் திட்டம் மெய்யாகவே இருக்குமானால் மித்ர சக்தியைத் தொடரலாம். இல்லையேல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாகக் குறைத்து, எஞ்சும் பணத்தைப் பொறியியற் பிரிவுகளுக்குத் திருப்பலாம். கப்பற் பாதையும் கடத்தலும் முதற்கவலையானால் ஸ்லினெக்ஸ். பெரிய வல்லரசுகளின் இழுபறி கூடிவரும் ஆண்டுகளில் பலநாட்டுப் பயிற்சி ஒரு நல்ல ஒதுங்கிடம். மற்றைய எல்லா நிலையிலும் என் தெரிவு மூன்றாவதுதான். அதையும் திருகோணமலையிலோ கொழும்பிலோ நடத்துவதைவிட, காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலில், பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் முதல் ஓடத் தொடங்கியிருக்கும் அந்த வழியிலேயே நடத்த வேண்டும் என்பேன். கப்பலில் ஏறிய பயணிக்கு இடையில் ஏதும் நேர்ந்தால் யார் முதலில் வருவார்கள் என்ற கேள்விக்கு ஒத்திகை பார்த்த விடை வேண்டும்.

காணியைப் பற்றி ஒரு நிபந்தனை. கரையில் புதிதாக ஒரு அங்குலமும் இதற்கென எடுக்கப்படக் கூடாது. மயிலிட்டித் துறைமுகம் 1990 இல் கைவிட்டுப் போய் 2017 யூலையில்தான் மக்களிடம் திரும்பியது. அங்கு மீண்டும் ஒரு வேலி முளைத்தால், மீட்புப் பயிற்சி என்று எத்தனை முறை விளக்கினாலும் எவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

## எப்போது

நாள் குறிப்பது சிறிய விடயம் போலத் தோன்றும். அதை நான் கரையில் கேட்டுப் பார்த்தேன். ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரை தமிழ்நாட்டில் இழுவைப்படகுகளுக்குத் தடைக்காலம். எல்லையில் சச்சரவு இல்லாத அந்த 61 நாட்களே பயிற்சிக்கு ஏற்றவை என்று கொழும்பில் அமர்ந்திருக்கும் எவரும் முடிவுசெய்வார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். குருநகர்ச் சம்மாட்டி ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அந்த இரண்டு மாதம்தான் தம்பி எங்கட கடல் எங்களுக்கு. அதையும் நேவிக்குக் குடுத்திட்டு நாங்கள் என்ன செய்யிறது?"

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும். எஞ்சுவது பெப்ரவரி, மார்ச். அந்நாட்களில் கச்சதீவில் அந்தோனியார் திருவிழா வருகிறது. 1974 உடன்படிக்கையின்படி கடவுச்சீட்டோ விசாவோ இன்றி இராமேசுவரத்திலிருந்தும், இங்கிருந்தும் ஆயிரக்கணக்கானோர் படகுகளில் ஒரே சிறு தீவில் இறங்குகிறார்கள். இலங்கைக் கடற்படை இறங்குதுறையையும் குடிநீரையும் பார்க்கிறது, எல்லைக்கோடு வரை இந்தியத் தரப்பு காவலாக வருகிறது, மருத்துவர்கள் நிற்கிறார்கள், உயிர்காப்பு அங்கிகள் எண்ணப்படுகின்றன, திரும்பும் படகுகள் ஒவ்வொன்றாகப் பதியப்படுகின்றன. எந்த நிரலிலும் இதற்குக் கூட்டுப் பயிற்சி என்ற பெயர் இல்லை. 2024 இல் கைதுகளைக் கண்டித்து இராமேசுவரத்து மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தபோது அக்கரைப் படகுகள் வரவில்லை. அந்த ஆண்டு ஒத்திகை பார்க்க எவரும் இருக்கவில்லை.

திருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இங்குள்ள கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் பெரும்பாலும் வலை இறக்காத நாள். இழுவைப்படகுகள் வரும் நாளுமன்று. அன்று காலை ஆறு மணிக்கு, நெடுந்தீவுக்கு மேற்கே, இரு தரப்பிலிருந்தும் இரண்டு கலங்களோடும், இரு கரைச் சங்கங்களிலிருந்தும் தமிழ் பேசும் பத்துப் பேரோடும் தொடங்கலாம்.